ஊரிகம் லைனில் விட்டுப்போன அரை ஆள்

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஊரிகம் போய், திங்கட்கிழமை பகலில் திரும்பினேன். கோலார் தங்கவயலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பழைய சுரங்க ஷாஃப்ட்டையும் கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டையும் படம் எடுக்கத்தான் போகிறார்கள். நான் போனது ஆட்களை எண்ண. இன்னும் சரியாகச் சொன்னால், ஏற்கெனவே எண்ணியவர்கள் சரியாக எண்ணினார்களா என்று பார்க்க.

ஊரிகத்தில் நான் பிறந்து வளர்ந்த பகுதியில் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள் இருக்கின்றன. லைன் என்போம். ஆறு லைன், லைனுக்கு இருபத்துநான்கு வீடு. வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய் தருவதற்காக, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அங்குள்ள குடியிருப்போர் சங்கம் ஒரு பட்டியல் எடுத்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அதைக் கோலாரில் அரசு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பட்டியலில் ‘காலி’ என்று எழுதிய வீட்டுக்குக் குழாய் கிடையாது. சங்கச் செயலாளர் மனோகரன், ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், என்னைப் போனில் கூப்பிட்டார். “நீங்க ஒரு வாட்டி பாத்துட்டீங்கன்னா எவனும் வாய தொறக்க மாட்டான் டீச்சர்” என்றார்.

பெருமைக்குச் சொல்லவில்லை, அவர் கூப்பிட்டதில் நியாயம் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் கணக்கு ஆசிரியை. அதில் இரண்டு முறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தபின் அது எவ்வளவு சரி என்று பார்க்கும் மறுகணக்கெடுப்பில் வேலை செய்திருக்கிறேன். சில பகுதிகளை மட்டும் சீட்டுப் போட்டு எடுப்போம். முதல் பட்டியலைப் பார்க்காமல் புதிதாக எண்ணுவோம். பிறகு இரண்டையும் பெயர் பெயராக ஒப்பிடுவோம். அதிலிருந்து, இரண்டு பேருக்குமே தென்படாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று மதிப்பிடலாம். காணாத ஆளைக் கணக்குப் போடுவது என்றால் சிரிப்பார்கள். ஆனால் வழி இருக்கிறது.

பெங்களூரு கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் காலை 8.05க்கு ரயில். டிக்கெட் இருபது ரூபாய். ஊரிகத்தில் 10.25க்கு இறங்கினேன். காலையில் கூட்டமெல்லாம் எதிர்த்திசையில் போவதால் ஜன்னல் சீட்டு தாராளமாகக் கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து லைனுக்கு இரண்டரை கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூறு கேட்டார். “ஷாஃப்ட் பாக்க வந்தீங்களா பாட்டிம்மா?” என்றும் கேட்டார். அறுபது ரூபாயும், நான் இந்த ஊர்க்காரி என்ற தகவலும் கொடுத்தேன். என் கணவர் இருந்தவரை பேரம் பேசுவது அவர் வேலை. அவர் போன ஒன்பது வருடமாக நானே பேசுகிறேன். அவரைவிடக் கறாராகவே பேசுகிறேன்.

தங்கியது பள்ளித் தோழி பிலோமினா வீட்டில். மனோகரன் பட்டியலை நீட்டினார். வாங்கிப் பார்க்காமல் பிலோமினாவின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். ஆறு சீட்டு எழுதி அவளையே இரண்டு எடுக்கச் சொன்னேன். இரண்டாம் லைனும் ஐந்தாம் லைனும் வந்தன. நாற்பத்தெட்டு வீடு.

எண்ணியவர்கள் யாரும் தங்கள் சொந்த லைனை எண்ணவில்லை, ஒருவர் லைனை இன்னொருவர் எண்ணினார் என்று மனோகரன் சொன்னார். அண்டை வீட்டுச் சண்டைகள் கணக்கில் ஏறக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பாராட்டினேன். அந்தப் பாராட்டை இப்போது பாதி திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்கு ஆரம்பித்து மாலை மூன்றரைக்கு முடித்தேன். ஏழு வீடு பூட்டியிருந்தது. பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் முறை போக வேண்டும் என்பது என் விதி, போனேன். ஐந்தாம் லைன் பத்தொன்பதாம் எண்ணுக்கு முதலில் பதினொன்றரைக்கும் பிறகு இரண்டரைக்கும் போனேன். இரண்டு முறையும் கதவில் பெரிய பித்தளைப் பூட்டு. எதிர்வீட்டு வாசலில் முனியம்மாள் என்ற அம்மாள் அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவுப் பக்கம் கையை உயர்த்தியதும், “அங்க யாரும் இல்லம்மா. தட்டாதீங்க” என்றார். நன்றி சொல்லி, என் தாளில் ‘காலி’ என்று எழுதினேன். அழகான கையெழுத்தில்.

அன்று மாலை பிலோமினா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்தோம். இந்த இரண்டு லைனுக்குச் சங்கத்தின் கணக்கு 163 பேர், என் கணக்கு 161. மனோகரன் முகம் மலர்ந்துவிட்டது. ரெண்டே பேர்தான் வித்தியாசம், டீ போடுங்க என்றார். கூட்டுத்தொகை பொருந்துவது ஒன்றுமே இல்லை என்று அவருக்கு விளக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெயர்களைப் பொருத்தினால் இரண்டு பட்டியலிலும் இருப்பவர்கள் 148 பேர்தான். சங்கத்திடம் மட்டும் இருந்த பதினைந்து பேரில் ஒன்பது பேர் பெங்களூரில் விடுதியில் இருக்கும் பிள்ளைகளும் குவைத்தில் இருக்கும் ஒரு மகனும். பெற்றவர்களுக்கு மனம் வராமல் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் மட்டும் இருந்தவர்கள் பதின்மூன்று பேர். பின்பக்கம் தகரம் இறக்கிய அறைகளில் குடியிருக்கிறவர்கள். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று மூடிவிட்டதால் மொத்தம் சரியாகத் தெரிந்திருக்கிறது.

ஒன்பது பேரை நீக்கிக் கணக்குப் போட்டேன். சங்கம் மட்டும் கண்டது ஆறு, நான் மட்டும் கண்டது பதின்மூன்று. இரண்டையும் பெருக்கி, இருவரும் கண்ட 148ஆல் வகுத்தால், இருவருமே காணாதவர்கள் தோராயமாக அரை ஆள்.

“அர ஆளுக்கு எப்படி டீச்சர் கொழா போடறது?” என்றார் மனோகரன்.

“கொழா வேணாம், ஒரு சொம்பு குடு போதும்” என்றாள் பிலோமினா.

எனக்கு உள்ளுக்குள் ஒரே திருப்தி. நாற்பத்தெட்டு வீட்டில் விட்டுப்போனது அரை ஆள்! மற்ற நான்கு லைனிலும் பின்பக்கத்து அறைகளை மட்டும் சேர்த்துவிட்டால் பட்டியல் தயார் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் சங்கத்தார் அதைச் செய்து முடித்தார்கள். நான் போகவில்லை. கான்வென்ட்டில் படித்தவள், ஞாயிற்றுக்கிழமை பென்சில் எடுப்பதில்லை. ஏழு மணிப் பூசை, பிலோமினாவின் மட்டன் குழம்பு, தூக்கம்.

திங்கட்கிழமை காலை 5.10க்கு ஊரிகத்திலிருந்து ரயில். இந்த ரயிலில் ஏறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இது பெங்களூருக்கு தினமும் வேலைக்குப் போகிறவர்களின் வண்டி. எந்த இடம் யாருடையது என்பது அவர்களுக்கு மனப்பாடம். பெண்கள் பெட்டியில் நான் தெரியாமல் ஒருத்தியின் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். பெயர் கஸ்தூரி. ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. வயது நாற்பதுக்குள். எந்த லைன் என்று கேட்டேன்.

“அஞ்சாவது லைன்மா. பத்தொம்பது.”

அந்த வீடு காலி ஆயிற்றே என்று என் வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்தாள். “காலியா? எங்க வூட்டுக்காரர் உள்ள தூங்கினு இருந்திருப்பாரும்மா.”

விஷயம் இதுதான். கணவர் தனபாலுக்குப் பேத்தமங்களா பக்கம் ஒரு கிடங்கில் இரவுக் காவல் வேலை. காலை ஏழரைக்கு வீடு வருவார், சாப்பிட்டுப் படுப்பார். கோலாரில் கல்லூரிக்குப் போகும் மகள் எட்டேகாலுக்கு வெளியே பூட்டிச் சாவியை எதிர்வீட்டு முனியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். நாலு மணிக்குத் திரும்பி வந்து திறப்பாள். உள்ளே தாழ் போட்டால் யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள், வெளியே பூட்டு தொங்கினால் தட்டமாட்டார்கள். குடிவந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்பதால் வேறு லைன்காரர்களுக்கு இவர்களைத் தெரியாது.

எனக்குக் காது சுட்டது. என் அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால் அம்மா இதே போலத்தான் வெளியே பூட்டுவாள். பக்கத்து வீடுகளில் நைட் ஷிஃப்ட் ஆட்கள் தூங்கும்போது பாத்திரக்காரனிடமும் வட்டிக்காரனிடமும் “யாரும் இல்ல, தட்டாதீங்க” என்று நானே சொல்லியிருக்கிறேன். அது லைனில் மரியாதை. யாரும் இல்லாத வீட்டை எதற்குத் தட்டக்கூடாது? ஆறு வயதில் எனக்குத் தெரிந்திருந்த பதில், எழுபத்துநான்கு வயதில் பென்சிலும் தாளும் கையில் இருந்தபோது நினைவுக்கு வரவில்லை.

கணக்கு எங்கே தவறியது என்பதும் அப்போதே புரிந்தது. அந்த அரை ஆள் கணக்கு, நீ தவறவிட்டவரை நான் பார்க்க வாய்ப்பு உண்டு என்ற நம்பிக்கையில் போடுவது. சங்கத்தாரும் பகலில் போனார்கள், நானும் பகலில் போனேன். இரண்டு வலையிலும் ஒரே இடத்தில் ஓட்டை இருந்தால் இரண்டாவது வலையால் என்ன பயன்?

குழாய்க்குப் பட்டியல் எடுத்தது கஸ்தூரிக்குத் தெரியவே தெரியாது. இன்று பதினொரு மணிக்குக் கொடுக்கிறார்கள் என்றதும் அவள் சிரிப்பு நின்றது. “தெனம் ராத்திரி ஒம்போதுக்கு வந்து நாலு கொடம் தூக்கறேன்மா. இன்னிக்கு லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்க. போட்டுடவா?”

வேண்டாம், அது என் தவறு, நானே திருத்துகிறேன் என்றேன். மூன்று பெயரையும் வயதையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். “நேத்து வந்திருக்கலாமே. மூணு பேரும் இருந்தோம். கோழிக் கொழம்பு” என்றாள். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

5.35க்கு பங்காரப்பேட்டையில் இறங்கிவிட்டேன். 6.10க்கு ராபர்ட்சன்பேட்டை பேருந்து, பெண்களுக்கு இலவசச் சீட்டு, முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ எண்பது ரூபாய், பேரம் பேச நேரமில்லை. 7.20க்கு மனோகரன் வீட்டு வாசலில் நின்றேன். அவர் ஷேவிங் சோப்போடு வந்தார்.

“இன்னா டீச்சர், ரயில உட்டுட்டீங்களா?”

“ஒரு குடும்பத்தை விட்டுட்டேன். வாங்க.”

தனபால் ஏழே முக்காலுக்கு சைக்கிளில் வந்தார். மகள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவரை நேரில் பார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து, மூன்று பேர் என்று எழுதினேன். மனிதருக்கு நின்றபடியே கண் சொருகியது. மனோகரன் முனியம்மாளிடம், ஏன் எங்களிடமும் யாரும் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டார். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “தூங்கறவன எழுப்பி தலைய எண்ணுவியா நீ? எங்கையில இன்னா கேட்ட, ஆள் கீறானான்னா? கதவ தட்ட வந்த. தட்டாதன்னேன்.” அவர் சொன்னதில் தவறே இல்லை.

பத்தொன்பதைச் சேர்த்தாயிற்று, கிளம்பலாம் என்றார் மனோகரன். நான் விடவில்லை. ஆறு லைனிலும் ‘காலி’ என்று எழுதிய வீடு முப்பத்தொன்று. இதில் இன்னும் எத்தனை பத்தொன்பது இருக்கிறதோ? ஒன்பதரைக்குள் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க முடியாது. ஆனால் நாம் கண்டது பூட்டைத்தான், காலியை அல்ல. ஆகவே பத்தொன்பது போக மீதி முப்பது வரியிலும் ‘காலி’யை அடித்து, ‘பூட்டு, விசாரணையில்’ என்று என் கையாலேயே எழுதினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் மனோகரன் கையெழுத்து. 9.25க்கு அவர் கோலார் பேருந்துக்கு ஓடினார். பட்டியல் அப்படியே வாங்கிக்கொள்ளப்பட்டது. விசாரிக்க இரண்டு வாரம் அவகாசமும் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு வாரமும் சங்கத்தார் இருவர் தினமும் விடியற்காலை ரயிலடியில் நின்று வீட்டு எண்ணைக் கேட்டார்கள். பிலோமினா போனில் சொன்னாள்: முப்பத்தொன்றில் பதினொரு வீட்டில் ஆள் இருக்கிறது. நான் எண்ணிய இரண்டு லைனில் மட்டும் இரண்டு வீடு, ஏழு பேர். “உன் அர ஆளு ஏழு பேர் ஆயிட்டாண்டி” என்றாள். ஒப்புக்கொண்டேன்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கணக்கைச் சரிபார்க்கப் போவதானால், முதலில் எண்ணியவர்கள் போன நேரத்தில் நீங்கள் போகாதீர்கள். தங்கவயலில் காலை நாலரை முதல் ஐந்தரை வரை ரயிலடி, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. ஆண்டவர் மன்னிப்பார். கண்டதை எழுதுங்கள், பூட்டு என்றால் பூட்டு. தண்ணீர்ப் பாட்டிலும் இரண்டு பென்சிலும் போதும். தங்க இடம் வேண்டுமென்றால் ராபர்ட்சன்பேட்டையில் லாட்ஜ் இருக்கிறது. பிலோமினா வீடு எனக்கு மட்டும்.

ஒன்றை வரிசையில் சொல்லாமல் விட்டேன். திங்கட்கிழமை பத்தரைக்கு, பகல் ரயிலைப் பிடிக்க, பையோடு ஐந்தாம் லைன் வழியாக நடந்தேன். பத்தொன்பதில் பித்தளைப் பூட்டு தொங்கியது. முனியம்மாள் வாசலில் இல்லை. பார்சல் கொண்டுவந்த ஒரு பையன் பைக்கை நிறுத்தி, கதவைத் தட்டக் கையை உயர்த்தினான்.

“யாரும் இல்லப்பா. தட்டாத” என்றேன்.