அம்மாவின் முக்காடு

இன்று காலை சட்டி பிடிக்கிற துணியின் ஓரம் அடுப்பில் பொசுங்கியது. அந்த மணம் என்னைக் கொழும்புத்துறையில் இருந்த எங்கள் பழைய குசினிக்குக் கொண்டுபோய்விட்டது.

அம்மா முக்காடு போடாமல் ஆண்டவரோடு கதைக்கமாட்டா. சாப்பிடமுன் செபம் சொல்லவும் வெள்ளை முக்காடு தலையில் ஏறவேண்டும். அதைத் தேடி எடுக்குமட்டும் எங்கள் சோறு ஆறிப்போகும்.

ஒருநாள் ஐயா கடலுக்குப் போயிருக்க, காற்று எழும்பிவிட்டது. கொடியில் காய்ந்த முக்காட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அம்மா வீட்டுச் சட்டையோடு நின்றா. இழுத்துப் போடச் சேலைத் தலைப்பும் இல்லை. மீன்குழம்பும் கரியும் மணக்கிற சட்டித் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, திரு இருதயப் படத்துக்கு முன் முழங்காலில் விழுந்தா.

“கோவியாதையும் ஆண்டவரே, இது குசினித் துணி. அந்த மனுசனைக் கரைக்குக் கொண்டுவந்து விடும். நல்ல துணியோடை பிறகு வாறன்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

பொழுதுபடமுன் ஐயா நனைந்து ஒழுகியபடி வாசலில் வந்து நின்றார். அம்மாவின் நெற்றி முழுக்கக் கரி.

“என்னப்பா, இண்டைக்கு விபூதிப் புதனோ?”

அம்மா நெற்றியைத் தடவிக் கையைப் பார்த்தா. துணியை இழுத்தெறிந்துவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பினா.

“இவ்வளவு நேரமும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீர்? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

வெறுந்தலையோடு அம்மா ஆண்டவரோடு கதைத்தது அன்றைக்குத்தான் முதல்தரம். அவை இரண்டு பேரும் கதைத்து முடியட்டும் என்று ஐயா வாசலிலேயே நின்றார்.