மாடி வீட்டுப் புகை

புவனகிரி பக்கம் வெள்ளாற்றுப் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மினிபஸ் என்னை ஒட்டி வேகத்தைக் குறைத்தது. "ஏறுப்பா, இருட்டப் போவுது, எங்க நடந்து போற?" என்றார் கண்டக்டர். பையில் பஸ்ஸுக்குக் காசு இருந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், எங்கிருந்து வருகிறாய் என்பார்கள். நடந்தால் அந்தத் தொல்லை இல்லை. சிதம்பரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. விட்ட மழை மறுபடியும் தூற ஆரம்பித்தது.

எனக்குப் படிப்பு எட்டாவது வரைக்கும்தான். அதற்கப்புறம் அண்ணாகிராமம் பக்கத்தில் முந்திரித் தோப்புக் காவல், பலாப்பழ லோடு, லாரியில் கிளீனர் என்று எதிலும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. சிதம்பரத்தில் ஐந்து கல்லூரிப் பையன்கள் சேர்ந்து ஒரு மாடி வீடு பிடித்தார்கள். அவர்களுடைய கட்டில்களை ஏற்றிக்கொண்டு வந்த வண்டியில் நானும் வந்தேன். இறக்கி வைத்தேன். சோறு ஆக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். அங்கேயே தங்கிவிட்டேன்.

படுக்க இடம் கொடுத்தவன் மங்கலம்பேட்டைப் பையன். அப்பா குவைத்தில். எல்லோரும் அவனை பாய் என்பார்கள். தன் அறையில் பாதித் தரையை எனக்கு ஒதுக்கினான். ராத்திரி அவன் மூச்சில் லேசாக விசில் கேட்கும். வீசிங் என்று சொன்னான், சின்ன வயசிலிருந்தே உண்டாம்.

பொது இடத்தில் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று கெடுபிடி வந்த சமயம் அது. தெருமுனை டீக்கடைக்காரர் பயந்துபோய், பற்றவைக்கத் தொங்கவிட்டிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார். அதனால் கடையில் ஊதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்: "சிகரெட் நாத்தம் வந்துது, அன்னைக்கே சட்டி பானைய எடுத்துக்கணும்." வீடு போனால் பையன்களுக்கு இன்னொரு வீடு கிடைக்கும். எனக்குக் கிடைக்காது.

ஆகவே வீட்டுக்குள் ஒரு சட்டம் போட்டோம். புகைப்பதென்றால் மொட்டை மாடி. பார்ட்டி நாட்களில் ஆட்களை மேலே அனுப்புவது, சாம்பல் தட்டக் கொட்டாங்கச்சி வைப்பது, பாய் அறைக் கதவின் கீழே ஈரத் துண்டு திணிப்பது எல்லாம் என் பொறுப்பு. "மச்சான்தான் நம்ம இன்ஸ்பெக்டரு" என்று சிரித்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. இன்ஜினியரிங் படிப்பவன் நான் சொன்னதும் எழுந்து மாடி ஏறுவான்.

அன்றைக்கு ஒரு பையனுக்குப் பிறந்தநாள். வீட்டுக்கார அம்மா கல்யாணத்துக்குப் பண்ருட்டி போயிருந்தார். பிரியாணி, பீர், பகலிலேயே பாட்டு, வெளியே நல்ல மழை. ஹாலில் ஒருவன் பற்றவைத்தான்.

"மேல போயி புடிங்க" என்றேன்.

"இந்த மழையிலயா? நீ வந்து கொட புடி மாமா, போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். "இன்ஸ்பெக்டருக்கு ஒண்ணு குடுங்கடா, கேஸ் முடிஞ்சிடும்" என்றான் இன்னொருவன். ஒருத்தன் என் வாயில் ஒன்றைச் சொருகிப் பற்றவைத்தான். நான் துப்பியிருக்கலாம். இழுத்தேன். அதற்கப்புறம் யாரை மேலே போகச் சொல்வது?

இடையில் பாய் கதவைத் திறந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "முடிஞ்சிடுமா மச்சான்?"

"இப்ப முடிஞ்சிடும் பாய், நீ உள்ள இரு." என் விரலிடுக்கில் சிகரெட் இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மழையால் வீட்டுக்கார அம்மா சீக்கிரமே திரும்பிவிட்டார். கீழே கேட் சத்தம் கேட்டதும் வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கி ஓடினார்கள். கூட்டத்தோடு வீட்டுப் பையன்களும் நழுவிவிட்டார்கள். ஜன்னல்களைத் திறந்தேன். மழைக் காற்றில் நாற்றம் போகவில்லை. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. கொட்டாங்கச்சியை அடுப்பில் போட்டுக் கங்காக்கி, தட்டில் வைத்து, சாம்பிராணியை அள்ளித் தூவினேன். ஹால், சமையலறை, கடைசியில் பாயின் அறை. சிகரெட் வாடை அங்கும் ஏறியிருந்தது. பாய் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டினான். தலைக்கு ஊற்றிய குழந்தைக்கே காட்டுகிற புகைதானே, இது என்ன செய்யும் என்று நினைத்தேன். தட்டை அங்கேயே தரையில் வைத்துவிட்டுத் துண்டு சிகரெட்டுகளைப் பொறுக்க ஓடினேன்.

வீட்டுக்கார அம்மா பட்டுப்புடவையோடு மேலே வந்தார். மூக்கை உறிஞ்சினார். "பரவால்லியே, எங்க வூட்டுலகூட இன்னைக்கு சாம்பிராணி போடல." அதற்குள் பாயின் அறையிலிருந்து சத்தம் கேட்டது. இருமல் இல்லை, இழுப்பு. "அந்தப் புள்ளைக்கு என்னா?" என்று உள்ளே போனார்.

"வீசிங்குங்க. அதுக்குத்தான் சாம்பிராணி போட்டேன்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தானாக வந்தது. ஆனால் அந்த அம்மா நம்பினார். தட்டைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்து முந்தானையால் விசிறினார். "நல்லா இழு கண்ணு. நெஞ்சுல கட்டுன சளி எறங்கிடும்." கங்கு சிவந்தது. வெள்ளைப் புகை அவன் கண்ணிலும் மூக்கிலும் போனது. அவனால் பேச முடியவில்லை. பெரியவர்கள் கையைத் தட்டிவிடுகிற பையனும் இல்லை அவன். என்னைப் பார்த்தான்.

புகையை எடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அப்புறம் எதற்குப் போட்டாய் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து நின்றேன். அவன் உதடு கறுத்த பிறகுதான் வாயைத் திறந்தேன். அப்போதும், "ஆட்டோ கூட்டியாறேன்" என்றுதான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் முகம் தெளிந்தது. வீட்டுக்கார அம்மா நர்ஸிடம் என்னைக் காட்டி, "இந்தத் தம்பிதான் சாம்பிராணி போட்டு சமாளிச்சுது, இல்லன்னா என்னா ஆயிருக்கும்" என்றார். நர்ஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாய் மாஸ்க்கை விலக்கினான். இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது.

"ஆமாங்க ஆன்ட்டி. அவன்தான் கூட இருந்து பாத்துக்கிட்டான்" என்றான். என்னிடம், "வூட்டுக்குப் போயி சாப்புடு மச்சான், காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்புடல" என்றான்.

வீடு எனக்கு நிலைத்துவிட்டது. இனி அந்த அம்மாவே என்னைப் போகச் சொல்ல மாட்டார். டீ வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்க்கோடு இறங்கினேன். டீயை வாங்கி வார்டு வாசலில் நர்ஸிடம் கொடுத்தேன். உள்ளே போகவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு லுங்கியையும் ஒரு சட்டையையும் பையில் போட்டுக்கொண்டேன். அவன் அறையில் வாடை அப்படியே இருந்தது. சாவியை எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு நடந்தேன்.

பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு உர லாரி ஏற்றிக்கொண்டது. கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் இறங்கிக் கடை வாசலில் படுத்தேன். விடிந்ததும் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் ஆள் கேட்டார்கள். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க இருந்த இதுவரைக்கும்?"

"சிதம்பரத்துல. பசங்களுக்கு சோறாக்கிப் போட்டேன்."

"எதுக்கு வுட்டுட்டு வந்த? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லிங்க. நல்லாதான் வச்சிருந்தாங்க."

"பின்ன? சொல்லிட்டு வந்தியா?"

"இல்லிங்க."

"இங்கயும் அப்படித்தான் போவியா?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. போட்டுகள் ஐஸுக்காக வரிசையில் நின்றன. சுவரில் சாய்த்து வைத்திருந்த மரச் சுத்தியைக் காட்டினார். எடுத்துக்கொண்டு ஐஸ் பாரை உடைக்கப் போனேன்.