தைத்த சுவரில் ஒரு கதவு

தெருவில் அவரை எல்லோரும் 'அரை இன்ச்' என்றுதான் சொல்வார்கள். தையல்காரர். யார் அளவு கொடுக்க வந்தாலும் நேராக நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிடச் சொல்லி, வயிற்றை இழுத்துப் பிடித்து என்னை ஏமாற்றாதீர்கள் என்று அதட்டி, எடுத்த அளவோடு அரை இன்ச் சேர்த்துத்தான் நோட்டில் எழுதுவார். மனிதன் என்றால் சாப்பிடுவான், பெருப்பான். அதற்கு அவர் விடுகிற இடம் அது. அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. தைத்து முடித்த துணியில் கத்தரி வைக்க மாட்டார். தையலைப் பிரித்து அகலமாக்கித் தருவார், ஓரத்தில் துண்டு சேர்த்துத் தருவார். நன்றாக இருக்கிற சட்டையை நடுவில் வெட்டிப் பை வைத்துக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால், வேறு கடை பாருங்கள் என்று சொல்லிவிடுவார்.

இந்தப் பிடிவாதம் துணியோடு நின்றிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஐம்பத்தெட்டு வயதில் அவர் வீட்டை நீட்டிக் கட்டக் கிளம்பினார்.

வீடு சின்னது. ஒரு கூடம், இரண்டு அறை, ஒரு சமையலறை. கூடத்தின் பக்கச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒன்பது அடி அகலத்தில் ஒரு காலி இடம், கேட்டிலிருந்து பின்மதில் வரை இருபத்தேழு அடி நீளம். அதன் முன்பாதியில் மகனின் காருக்கு ஒரு ஷெட், பின்பாதியில் ஓர் அறை. மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். தெருவில் நிறுத்தி நிறுத்தி வண்டியில் கீறல் விழாத இடம் இல்லை. அதனால் ஷெட் அவனுக்கு வேண்டும். அறை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அது அக்காவுக்கு.

பெற்றோர் போன பிறகு அவரை வளர்த்தவள் அக்கா. நர்ஸ். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு, பகலில் இந்த வீட்டின் உள்ளறையில் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். அவருக்குக் கல்யாணமான மறுவாரம், டூட்டிக்குப் பக்கமாக இருக்கும் என்று சொல்லி ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு ஓர் அறை வேண்டும் என்றுதான் போனாள். அது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அன்றைக்கு வசதியாக இருந்தது. அந்த வசதிதான் முப்பது வருடமாக அவர் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்றபின் அக்கா மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். போன வருடம் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது வாக்கர் பிடித்துத்தான் நடை. படி ஏற முடியாது. முதியோர் இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறதாம், மாதக் கடைசிக்குள் வருகிறேன் என்று சொல்லியாக வேண்டுமாம். தம்பி கூப்பிட்டதற்கு, அறையை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

அறை எங்கே இருக்கிறது பார்க்க? காலி இடம்தான் இருந்தது. தையல்காரர் யோசித்தார். காகிதத்தில் போட்ட படம் அவருக்குப் பிடிபடவில்லை. சட்டையைக் கால் அளவில் வெட்டிப் பார்ப்பவன் உண்டா என்று கேட்டார். சாக்கட்டியும் இன்ச் டேப்பும் எடுத்துக்கொண்டு போய், முழு அளவில் தரையிலேயே கோடு போட்டார். ஷெட் பதினாலரை அடி, நடுச்சுவர் அரை அடி, அறை பன்னிரண்டு அடி. சுவர் வரும் இடத்தில் இரட்டைக் கோடு, கதவு வரும் இடத்தில் இடைவெளி, கட்டிலுக்கு ஒரு கட்டம். அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் ஓர் உத்தரவு போட்டார். சுவரைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது. அவர் மனைவி துணி காயப்போடப் போகும்போது இல்லாத கதவைத் திறந்து மூடிவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

மூன்றாம் நாளே குட்டு உடைந்தது. மகன் காரைப் பின்பக்கமாக ஓட்டிவந்து கோட்டுக்குள் நிறுத்தினான். காலையில் அவசரமாகக் கிளம்புகிறவன் அப்படித்தான் நிறுத்துவான். இறங்கிப் போய்ப் பின்கதவை மேலே தூக்கினான். கதவு நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு அத்தையின் அறைக்குள் போய் நின்றது. பெட்டியை இறக்க அவன் நின்ற இடமோ அத்தையின் கட்டில். காரையும் இவர் நேராக நிறுத்தி, கதவெல்லாம் சாத்தி, ஆளை அளப்பதுபோல அளந்திருக்கிறார்.

"காரைக் கையத் தூக்கச் சொல்லி அளக்கலையா?" என்றாள் மனைவி.

ஷெட்டுக்கு இன்னும் மூன்று அடி வேண்டும். அதை அறையில்தான் வெட்ட வேண்டும். ஒன்பது அடி அறையில் கட்டிலும் அலமாரியும் போட்டால் வாக்கர் திரும்பாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவருக்கு அந்த இரண்டு நாளில் நன்றாகவே விளங்கியது. அழித்து அழித்துக் கோடு போட்டதில் சாக்கட்டிதான் தேய்ந்தது. கடைசியில் மகனே வந்து, காரின் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திவிட்டால் பின்கதவு கேட்டுப் பக்கம் வந்துவிடுமே, காலையில் ரிவர்ஸ் எடுப்பது ஒரு பெரிய வேலையா என்றான். எங்கே இடிக்குமோ என்று பயந்துகொண்டிருந்தவருக்குப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தோளில் தட்டியதோடு நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகனே போய் அத்தையைக் காரில் அழைத்துவந்தான். அக்கா வாக்கரை ஊன்றி ஊன்றிக் கோட்டு அறைக்குள் வந்தாள். ஜன்னல் எங்கே என்று கேட்டாள். காட்டினார். கட்டில் கட்டத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நர்ஸ் வார்டைப் பார்ப்பதுபோல நான்கு பக்கமும் பார்த்தாள். நல்ல அகலம் என்றாள். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அரை இன்ச் கூடவே விட்டிருக்கிறேன் என்றார்.

பிறகு அவள் எழுந்தாள். அறைக்கு இருந்தது ஒரே கதவு, ஷெட்டுக்குள் திறப்பது. அதன் வழியாக வெளியே வந்து, காருக்கும் மதிலுக்கும் நடுவே ஒண்டி நடந்து, கேட்டுப் பக்கம் போய்த் திரும்பி, வாசற்படி இரண்டையும் மகன் தாங்கிப் பிடிக்க ஏறி, கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது. சாப்பாட்டு மேசை ஓரமாகப் போய்ப் பக்கச் சுவரை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் கட்டில் கட்டம்.

"இந்தப் பக்கம் நீங்க சாப்பிட்டுட்டு இருப்பீங்க. அந்தப் பக்கம் நான் படுத்திருப்பேன். நடுவுல நாப்பத்திரண்டு எட்டு. எண்ணிட்டேன்."

"உனக்குத் தொந்தரவு இல்லாம தனியா இருக்கட்டும்னுதான்கா."

"தொந்தரவு இல்லாம முப்பது வருஷம் இருந்தாச்சுடா," என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. "சரி, யோசிச்சுச் சொல்றேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? டூட்டிக்குப் பக்கம் என்று சொன்ன அதே குரல்.

கார் போனபிறகு அவர் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். இடத்தைப் பார்க்க வந்த கொத்தனார் முதல் நாளே சொல்லியிருந்தார், கூடத்துச் சுவரை உடைத்து மேலே ஒரு பீம் கொடுத்து, அறைத் தரையையும் கூடத்து மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் நேராகக் கதவு வைத்துவிடலாம், ஒரு வாரத்து வேலை என்று. இவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. விரிசல் இல்லாத, ஈரம் ஏறாத நல்ல சுவர், அதில் எதற்குக் கைவைக்க வேண்டும் என்றார். ஓரத்தில் துண்டு சேர்க்கிற மாதிரி அறையைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டார். அக்காவை வீட்டுக்குள் கூப்பிடவில்லை, வீட்டோடு ஒட்ட வைக்கப் பார்த்திருக்கிறார். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

சாக்கட்டியை எடுத்தார். மேசையை நகர்த்திவிட்டுச் சுவரில் கதவு வரைய ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டார். அக்காவின் ரவிக்கை அளவு முப்பது வருடமாக நோட்டில் இருக்கிறது, எல்லாம் கையைத் தொங்கவிட்டு எடுத்தது. வாக்கர் பிடித்தால் முழங்கை எவ்வளவு வெளியே வரும் என்று அதில் இல்லை. மனைவியைக் கூப்பிட்டு ஒரு முக்காலியைக் கையில் கொடுத்து, அக்கா மாதிரி நடந்துகாட்டு என்றார்.

"உங்களுக்குத் தைக்கற புத்தி எப்பதான் போகப்போகுதோ," என்றாள் அவள். ஆனாலும் முழங்கையை அகட்டிக்கொண்டு, நாத்தனார் நடையிலேயே கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தாள். முப்பத்திநாலு இன்ச் வந்தது. அரை இன்ச் போதாது என்று அவரே சொல்லிக்கொண்டு நாற்பத்திரண்டு இன்ச் அகலத்தில் கோடு இழுத்து, கீழே தரையில் வாசற்படிக்கும் ஒரு கோடு போட்டார்.

செவ்வாய்க்கிழமை கொத்தனார் உளியோடு வந்தார். முதல் அடி விழுந்தபோது தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது அடியில் சுவர்ப்பூச்சு பெயர்ந்து விழுந்தது. பத்தாவதிலோ பதினைந்திலோ ஒரு செங்கல் அந்தப் பக்கம் விழுந்து, அந்த ஓட்டை வழியாகக் கூடத்துத் தரையில் ஒரு துண்டு வெயில் விழுந்தது. அவர் போனை எடுத்தார்.

"என்னடா அங்க சத்தம்?" என்றாள் அக்கா.

"சுவரை உடைக்கறாங்கக்கா. கூடத்துச் சுவரை."

கொத்தனார் அடிப்பதை நிறுத்தவில்லை. அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. போனைச் சுவர்ப்பக்கமாகக் கொஞ்சம் நீட்டிப் பிடித்தார்.

"இல்லத்துக்காரங்ககிட்ட வரலேன்னு சொல்லிடறேன்," என்றாள் கடைசியில். "அந்தக் கதவுக்கு வாசப்படி வைக்காதேன்னு சொல்லு. வாக்கர் தடுக்கும்."

அவர் கொத்தனாரிடம் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாக்கட்டியால் போட்டிருந்த வாசற்படிக் கோட்டைக் காலாலேயே தேய்த்து அழித்தார்.