வியாழக்கிழமையின் மூன்றாவது ஷிஃப்ட்

சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த கையோடு நானும் என் கணவரும் ஒன்றரை மாத வெளிநாட்டுப் பயணம் கிளம்பினோம். பாங்காக்கில் தொடங்கி, தாய்லாந்திலும் வியட்நாமிலும் கடற்கரை ஊர்களாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு ஓசூர் திரும்புவதாகத் திட்டம். நான் சொல்லப்போவது வியட்நாமில் நியா ட்ராங் என்ற கடற்கரை ஊரில், ஒரு வியாழக்கிழமை காலையில் நடந்தது.

அதற்கு முன்னால் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு விருதுநகர் பக்கம், அவருக்குச் சாமல்பட்டி. கல்யாணமாகி ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு வாடகை வீட்டில் குடித்தனம் ஆரம்பித்தோம். அவர் ஒரு வார்ப்புக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். நான் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அதனால் அவர் வீட்டில் இருக்கும்போது நான் கம்பெனியில், நான் வீட்டில் இருக்கும்போது அவர் கம்பெனியில் என்று ஷிஃப்ட்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வோம். இருபத்து நாலு வருடம் இப்படியே ஓடியது. சானமாவு காட்டுப் பக்கம் ரோட்டில் யானை இறங்கி கம்பெனி பஸ் தாமதமானால், அன்றைக்குப் பத்து நிமிடம் சேர்ந்து டீ குடிப்போம். அதுவே பெரிய விஷயம்.

"எங்களுக்குள்ள ஒரு சண்டைகூட வந்ததில்ல" என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரி, நீ கொடுத்து வைத்தவள் என்பாள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் செட்டிலாகி, அவர் விருப்ப ஓய்வு வாங்கி, நானும் வேலையை விட்ட பிறகு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன்தான் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தான். இத்தனை வருடம் உழைத்தது போதும், ஜாலியாகச் சுற்றிவிட்டு வாருங்கள் என்றான். ஜாலி எவ்வளவு என்பது நாலாவது நாளே தெரிந்துவிட்டது.

மனிதர் காலை ஐந்து மணிக்கு எழுந்து விளக்கைப் போடுவார். முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர் மாதிரி ஷேவ் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார். எந்த அறைக்குப் போனாலும் முதலில் குழாய், கதவு, பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும் என்பேன். அவர் கையில் டிக்கெட் ஃபைலை வைத்துக்கொண்டு, அடுத்து எங்கே, எத்தனை மணிக்கு என்று நிற்பார். பாங்காக்கின் ஒரு பெரிய மாலில், நம் பாஷை தெரியாத ஒரு பெண்ணிடம் வழியைத் தமிழில் கேட்டு, பிறகு கன்னடத்தில் கேட்டு, கடைசியில் தெலுங்கிலும் கேட்டுப் பார்த்தார். ஓசூர்க்காரர் அல்லவா, ஒரு பாஷை வேலை செய்யவில்லை என்றால் அடுத்த பாஷை தானாக வந்துவிடும். அப்போது சிரித்தேன். முப்பது நாள் ஆன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில், இருபத்து நாலு மணி நேரமும். மிச்சமிருக்கும் காலம் முழுக்க இந்த மனிதரோடு எப்படி ஓட்டப்போகிறேன் என்ற பயம் உள்ளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். அன்று இரவு கோலாலம்பூருக்கு விமானம். பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. இரவில் அணைத்து வைத்த போனை அவர் அப்போதுதான் போட்டார். போட்டதும் தங்கையின் அழைப்பு வந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, எங்கக்கா இருக்கீங்க? விடியக்காலம் நாலு மணியிலேர்ந்து ஏர்போர்ட்ல நின்னோம். பிளேன் வந்துருச்சு, நீங்க மட்டும் வரல. போனும் போகல. எனக்கு உசுரே போயிருச்சு!"

"என்னடி சொல்ற? நாங்க இன்னைக்கு ராத்திரிதான கிளம்புறோம்?"

"இல்லக்கா. டிக்கெட்ட உங்க பையன் எனக்கும் அனுப்பிருந்தான். வியாழக்கெழம பன்னெண்டு நாப்பதுன்னு போட்டிருக்கு. நேத்து ராத்திரி நீங்க படுத்துத் தூங்கினீங்களே, அப்பவே போயிருச்சு."

அவர் ஃபைலைப் பிரித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "வியாழக்கெழம தேர்ட் ஷிஃப்ட்டுன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். மூன்றாவது ஷிஃப்ட் வியாழக்கிழமை இரவு பத்தரைக்கு ஆரம்பித்து வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு முடியும். நடுவில் பன்னிரண்டு மணி தாண்டினாலும் ரிஜிஸ்டரில் வியாழக்கிழமை என்றுதான் எழுதுவார்கள். கம்பெனிக்காரர் வீட்டில் நாள் பிறப்பது காலை ஆறரைக்குத்தான். வியாழன் பன்னிரண்டு நாற்பது என்றதும், வியாழக்கிழமை இரவு என்று அவர் மனது எழுதிக்கொண்டுவிட்டது. விமானமோ புதன்கிழமை இரவு நாங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோதே பறந்துவிட்டது.

தங்கை பச்சைக் குழந்தை மாதிரி அழுதது, அவள் வீட்டுக்காரர் முன்னால் எங்கள் மானம் போனது எல்லாம் சேர்ந்து எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு அது எல்லை தாண்டிவிட்டது.

"இத்தன வருஷம் அடுத்தவன் செஞ்சதையெல்லாம் ரிஜெக்ட் பண்ணீங்களே, உங்கள யாருங்க ரிஜெக்ட் பண்றது?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களோட ஒரே ரூம்ல இருந்து பாத்ததுல ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. நீங்க ஒரு ஷிஃப்ட்டு, நான் ஒரு ஷிஃப்ட்டுன்னு இருந்தோமே, அதுதான் வாழ்க்கை. சேந்து வாழ நம்மளால ஆகாது."

அவர் ஃபைலை மூடினார். சாப்பிட்ட தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்தார். நான் கதவை அடித்துச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

வெளியே வந்தபோது அவர் இல்லை. போன் கட்டிலில் கிடந்தது. செருப்பு வாசலில் இருந்தது. தினமும் காலையில் செருப்பில்லாமல்தான் மணலில் நடக்கப் போவார். எதிரே கடல். சாமல்பட்டிக்காரருக்கு நீச்சல் தெரியாது. நான் பேசிய பேச்சு அத்தனையும் எனக்கே திரும்பக் கேட்டது. படியிறங்கி ஓடினேன்.

நாங்கள் தங்கியிருந்த விடுதியை நடத்துபவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அவருக்கு ஆங்கிலத்தில் ஏழெட்டு வார்த்தை தெரியும், எனக்கு அதைவிட நாலு கூட. "ஹஸ்பண்ட்... நோ" என்று கடலைக் காட்டினேன். எங்கள் சத்தம் கீழே வரைக்கும் கேட்டிருக்கும் போல. அவர் உடனே ஸ்கூட்டரை எடுத்தார், என் தலையில் ஒரு ஹெல்மெட்டை மாட்டினார், ஏறு என்றார்.

கரையோரமாகவே போனோம். இளநீர் விற்பவர்கள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதானவர்கள், குப்பை கூட்டுகிறவர்கள் எல்லோரிடமும் போனில் இருந்த அவர் படத்தைக் காட்டினேன். எல்லோரும் பார்க்கவில்லை என்று தலையாட்டினார்கள். அந்த ஊரில் ஒகேனக்கல் பரிசல் மாதிரியே வட்டமாகப் படகு இருக்கிறது. அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து தண்ணீரை ஒருமுறை பார்த்தார்கள். அவர்கள் அப்படிப் பார்த்ததும் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்த விடுதி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன பாஷையில் சமாதானம் சொன்னாரோ, சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு மணி நேரம் தேடிவிட்டு, போலீசுக்குச் சொல்லலாம் என்று பாஸ்போர்ட் எடுக்க அறைக்குத் திரும்பினோம். நான் கட்டிலில் விழுந்துவிட்டேன். எனக்குத் தண்ணீர் எடுக்க அந்த அம்மா அறையிலிருந்த சின்ன ஃப்ரிட்ஜுக்குப் போனவர், ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அதில் எழுதியிருந்தது அவருக்குப் புரியவில்லை.

தமிழ் எழுத்து. என் கணவர் பிளாஸ்திரி வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்.

"ரயில் ஸ்டேஷன் போறேன். சாயங்கால ரயிலில் சைகோன் போனால் நாளைக்கு அங்கிருந்து பிளேன் இருக்கு. பாஸ்போர்ட் என்னிடம். போன் உனக்கு இருக்கட்டும். இட்லி பொடி பச்சை டப்பாவில். பிரஷர் மாத்திரை போட்டுக்கோ."

எங்கள் வீட்டில் எல்லாச் செய்தியும் ஃப்ரிட்ஜ் கதவில்தான். பால் காய்ச்சியாச்சு, சின்னவளுக்குக் காய்ச்சல், இரண்டு மணிக்கு மருந்து, கேஸ் வந்தால் வாங்கி வை. ஷிஃப்ட் முடிந்து போகிறவர் எழுதி வைப்பார், வருகிறவர் படிப்பார். பிள்ளைகளை நாங்கள் வளர்த்ததே அந்தக் கதவில்தான் என்று சொல்லலாம். வெளிநாடு வந்தும் அந்த மனிதருக்குக் கை தானாக அங்கே போயிருக்கிறது. எனக்குத்தான் அங்கே பார்க்கத் தோன்றவில்லை.

அத்தனை வருடமும் அந்தக் கதவில் ஒரு கோப வார்த்தைகூட இருந்ததில்லை. எங்களுக்குச் சண்டை வராததற்கு ஒற்றுமை காரணமில்லை, சண்டை போட நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தபோது அது எனக்குப் பளிச்சென்று உறைத்தது. கூடவே இன்னொன்றும். அந்த டிக்கெட்டை ஊரில் கிளம்பும்போது ஒரு தடவை, பாங்காக்கில் ஒரு தடவை, முந்தின நாள் பெட்டி கட்டும்போது ஒரு தடவை என்று நானும் மூன்று முறை பார்த்தவள். எனக்கும் அது வியாழக்கிழமை இரவாகத்தான் தெரிந்தது. அவர் செய்த தப்பை நானும் செய்துவிட்டு, அவர் தலையில் மட்டும் கட்டியிருக்கிறேன்.

கையால் ரயில் ஓட்டிக் காட்டினேன். அந்த அம்மாவுக்குப் புரிந்து, மறுபடி ஸ்கூட்டரை எடுத்தார்.

ஸ்டேஷனில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், ஷூ போட்டுக்கொண்டு, மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். எனக்கு முன்னால் அந்த அம்மா போய், வியட்நாம் பாஷையில் ஒரு பாட்டம் திட்டி, அவர் தோளில் ஒரு அடியும் வைத்தார். இவர் மிரண்டு எழுந்து நின்றார்.

"எதுக்கு வந்த? எழுதி வெச்சிட்டுதானே வந்தேன்?"

"பாக்கலங்க."

"வேற எங்க வெப்பேன்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "டிக்கெட்ட நானும்தான் பாத்தேன். எனக்கும் தெரியல" என்றேன். "தெரியும்" என்றார். அதைக் கேட்க இன்னும் வலித்தது. தெரிந்தும் அவர் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை.

பிறகு அவரே சொன்னார். "நீ சொன்னது சரியா இருக்குமோன்னு யோசிச்சிக்கினேதான் வந்தேன். உன்ன மட்டும் தங்கச்சிகிட்ட அனுப்பிட்டு, நான் ஊருக்குப் போயிடலாம், உனக்கும் நிம்மதியா இருக்கும்னு. கவுன்ட்டர்ல அந்தப் பொண்ணு வெரலக் காட்டி, ஒண்ணா ரெண்டான்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

ஃபைலைப் பிரித்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு டிக்கெட், பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. "பின்னாடி வரிசையில ஆளுங்க நிக்கிறாங்க. ரொம்ப யோசிக்க முடியல" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வயதில், அத்தனை பேர் நடமாடும் இடத்தில் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் முறை.

மறுநாள் தங்கை வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. இப்போது மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் இருவரும் நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறோம், ஐந்து மணி விளக்குக்கும் குழாய்க்கும் தினம் ஒரு சண்டையாவது வருகிறது. ஆனால் முன்பிருந்த பயம் எனக்கு இல்லை. சண்டையே வராமல் கழிந்த இருபத்து நாலு வருடம் தராத தைரியத்தை, நான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட அன்றைக்கே அவர் எனக்கும் தனக்குமாகச் சேர்த்து எடுத்த அந்த இரண்டு டிக்கெட்டுகள் தந்துவிட்டன.