டிரைவர் வீட்டு சைக்கிள்

காலையிலிருந்து மூன்றாவது தடவையாக அவள் அந்த சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த துணி அவள் கணவரின் பழைய யூனிஃபார்ம் பேன்ட்டிலிருந்து முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்த துண்டு. கைப்பிடி இடுக்கில் வியர்வை உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். செத்துப்போனவர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு முகர்ந்து பார்க்கிறவர்கள் உண்டு. இந்த உப்பை வைத்துக்கொண்டு அழக்கூட முடியாது. இது அவருடைய உப்பு இல்லை.

சைக்கிளைப் பார்க்கப் பதினொரு மணிக்கு ஆள் வருகிறது. மகள் அதற்காக விடுப்பு போட்டுவிட்டு வந்து, சமையலறையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மகள் எதையாவது கேட்பதற்குள் இந்தச் சனியன் வாசலைத் தாண்டிவிட வேண்டும்.

குடியிருப்பில் அவளுக்குப் பெயர் காஜா அக்கா. சட்டை கம்பெனியில் இருபத்தாறு வருடம் பட்டன் துளைக்குக் காஜா எடுத்தவள். ஆரம்பத்தில் கால் மெஷின், பிறகு மோட்டார் வந்தது. மோட்டார் வந்தும் கால் மட்டும் பழக்கத்தை விடவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் பாதம் தானாக மிதித்துக்கொண்டிருக்கும். "ஏய் காஜா, காலை நிறுத்து. கட்டில் ஆடுது" என்பார் கணவர்.

அவரை எல்லோரும் டிரைவர் என்றார்கள். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். நல்ல உயரம்; குளியலறைக் கதவு நிலையில் தலை இடித்து இடித்து அங்கே பெயின்ட் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகு அவருடைய நடமாட்டமெல்லாம் காலையில் மூன்று மாடி இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டுத் திரும்புவதோடு சரி. மூன்றாம் மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்தத் தடவை பிழைத்துக்கொண்டார். ஒரே மகள் வேறு ஊரிலிருந்து ஓடி வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து ஊருக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், நாலு ஆள் சேர்ந்து இந்த சைக்கிளை மாடிக்குத் தூக்கி வந்தார்கள்.

திரை வைத்த சைக்கிள். இன்டர்நெட்டில் இணைத்துவிட்டால் யாரோ ஒரு பெண் திரையில் வந்து, கூடவே ஓட்டி, உற்சாகப்படுத்துவாள். ஓட்டியதெல்லாம் மகளின் போனில் போய் விழும். விலையைக் கேட்ட மருமகன், "இந்தக் காசுக்கு நிஜ மோட்டார் சைக்கிளே ரெண்டு வாங்கியிருக்கலாம் மாமா, ஆளுக்கு ஒண்ணா ஓட்டியிருக்கலாம்" என்று போனில் சிரித்தார். அதற்குப் பிறகு மகள் வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு ஓட்டலிலிருந்து வந்ததாகக் கேள்வி.

டிரைவர் சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இத்தனை வருஷம் ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் எங்கயாவது ஒரு ஊர் வந்துச்சு. இதை ஓட்டினா எந்த ஊர் தம்பி வரும்?"

"மலை வரும் சார், கடல் வரும் சார். எல்லாம் திரையில வரும்" என்றான் மாட்டிக்கொடுக்க வந்தவன்.

"டிக்கெட் யாரு குடுப்பா?"

அவன் சிரித்துக்கொண்டே சீட்டை மேலே இழுத்து ஒன்பதாவது துளையில் ஆணியைச் செருகினான். கடைசிக்கு முந்தின துளை. "சார் உயரத்துக்கு இதான் சரி" என்றான். பேர் கேட்ட இடத்தில் மகள் ஏற்கெனவே 'அப்பா' என்று போட்டிருந்தாள்.

மூன்று நாள் ஓட்டினார். நாலாம் நாள் இறங்கிவிட்டார். "என் பொண்ணு வயசுல ஒருத்தி, அரை டிரவுசர் போட்டுக்கிட்டு என்னைப் பார்த்து கத்துறா. டிப்போல டைம்கீப்பர் கத்தினதையே நான் காதுல வாங்கினதில்ல."

ஆனால் வீட்டுக்குள்ளேயே வேறொரு டைம்கீப்பர் இருந்தாள். இருபத்தைந்து நிமிடம் ஓட்டினால் மகளின் போனில் ஒரு வட்டம் முழுசாகப் பச்சையாகும். ஓட்டாவிட்டால் சிவப்பு. எட்டு மணி அடித்ததும் போன் வரும். "அப்பா, இன்னிக்கும் சிவப்பு." ஒருநாள் அவள் குரல் உடைந்து, "உங்களுக்கு உயிர் மேல ஆசை இல்லைன்னா சொல்லிடுங்க, நான் பாட்டுக்கு இருந்துடுறேன்" என்றாள். "சரி, இரு" என்று போனை வைத்துவிட்டார். ஒன்பது நாள் அப்பனும் மகளும் பேசவில்லை. அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், சட்டைப் பையில் போடுவார், திரும்ப எடுப்பார். சாப்பாடு இறங்கவில்லை.

பத்தாம் நாள், அவர் டீக்கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் கதவைச் சாத்திக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். கால் எட்டவில்லை. இறங்கி, ஆணியை உருவி, சீட்டை மூன்றாவது துளைக்கு இறக்கினாள். இதயத் துடிப்பு பார்க்கும் பட்டையை மார்பில் கட்டிக்கொண்டாள். மிதித்தாள். கால்களுக்கு யாரும் எதுவும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

எட்டு மணிக்கு போன் வந்தது. "அப்பா! கலக்கிட்டீங்க!"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி, "ஆமா பாப்பா... இப்பதான் இறங்கினேன்" என்றார். பேசி முடித்ததும் தட்டு நிறைய சாப்பிட்டார்.

அதிலிருந்து அது வீட்டுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. டீக்கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பார்: "இன்னிக்கு நான் எத்தனை கிலோமீட்டர்?"

"பதினொண்ணு."

"அதான் காலெல்லாம் இந்த வலி வலிக்குது. கொஞ்சம் பிடிச்சு விடு."

"நான் பிடிச்சு விடணுமா? கொழுப்புதான்."

முதலில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம் வீட்டில் சண்டை வேண்டாம் என்பது. ஆனால் போகப் போக அந்தக் காரணம் மட்டுமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அவருடைய பழைய பேன்ட்டை வெட்டி, விளிம்பு தைத்து, அரைப் பேன்ட்டாகப் போட்டுக்கொண்டாள். திரையில் ஒரு கடலோரச் சாலை வரும். இடது பக்கம் பாறை, வலது பக்கம் தண்ணீர். யாரும் எதிரே வருவதில்லை. இருபத்தாறு வருடம் மிதித்தும் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு அடி நகர்ந்ததில்லை. இப்போதும் நகரவில்லைதான். ஆனால் சாலையாவது நகர்ந்தது. இடுப்பு வலி போயிற்று. மாடிப்படி லேசாயிற்று. அவரை ஒரு தடவைகூட, "நீங்களும் கொஞ்சம் ஏறி உட்காருங்களேன்" என்று அவள் வற்புறுத்தவில்லை. அந்த இருபத்தைந்து நிமிடத்தை விட்டுத்தர மனசு வரவில்லை.

எட்டாம் மாதம் பரிசோதனைக்கு மகள் வந்தாள். டாக்டர் முன்னால் மூன்று நாற்காலி. மகள் போனை நீட்டினாள். தினம் தினம் பச்சை வட்டம், கீழே இதயத் துடிப்பின் கோடு.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "மறுபடி ரத்தக்குழாய்க்குள்ள படம் எடுத்துப் பார்க்கணும்னு இருந்தேன். இவ்வளவு ஓட்டியும் துடிப்பு இந்தளவுக்குள்ள நிக்குதே! அவசரமில்ல. ஆறு மாசம் கழிச்சு எடுத்துக்கலாம். எல்லா நோயாளியும் உங்களை மாதிரி இருந்தா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான் டிரைவர்."

அவள் வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் அவர் பாதம் வந்து அவள் பாதத்தின் மேல் அழுந்தியது. பிரேக் மிதிக்கிற அதே அழுத்தம். வாயை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும், "என்னங்க, அந்தப் படம்..." என்று இழுத்தாள். "கத்தி, குழாய்னு இறங்கினா திரும்பப் படுக்கைதான். ஆறு மாசம் எங்க ஓடிடப் போகுது?" என்றார் அவர். அவளும் அதோடு விட்டாள்.

ஏழு வாரம்தான் ஓடியது.

அன்று காலை அவள் கடலோரச் சாலையில் இருந்தாள். இசை சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. வாசல் மணி அடித்தது. சாவியை மறந்துவிட்டுப் போய் மணியடிப்பது அவர் வழக்கம். திரையில் இன்னும் நாலு நிமிடம் இருந்தது. நடுவில் இறங்கினால் வட்டம் முழுசாகாது. நிற்கட்டும், நாலு நிமிஷம் நின்றால் கால் தேய்ந்துவிடாது என்று நினைத்தாள். மணி விடாமல் அடித்தது. பிறகு நின்றது. அவள் முடித்து, பட்டையைக் கழற்றி, துண்டைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. மணியடித்தவர் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன். டிரைவர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தபடி சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவளுக்காக வாங்கி வந்த பார்சல் டீ கொட்டிப்போய்க் கிடந்தது.

மகள் வந்து இறங்கியதிலிருந்து ஒரே கேள்விதான். "தினமும் ஓட்டினாரேம்மா. டாக்டரே சொன்னாரே. அப்புறம் எப்படிம்மா?" வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே கேட்டாள். டாக்டரைத் திட்டினாள், சைக்கிள் கம்பெனியைத் திட்டினாள். அம்மா யாருக்காவது தண்ணீர் கொண்டுவர எழுந்து போய்விடுவாள்.

சைக்கிளைப் பார்க்கப் பதினொரு மணிக்கு வந்தவர்கள் ஒரு டீச்சரும் அவர் கணவரும். டீச்சர் குள்ளம், கொஞ்சம் பூசின உடம்பு.

"உண்மையைச் சொல்லுங்கக்கா" என்றார் டீச்சர். "இவ்வளவு விலை போட்டு வாங்கலாமா? இதுல ஏதாவது பிரயோஜனம் இருக்கா? இவர் சொல்றாரு, ஒரு மாசத்துல துணி காயப்போடுற ஸ்டாண்ட் ஆயிடும்னு."

"அனுபவத்துல சொல்றேங்க" என்றார் கணவர். "வீட்ல ஏற்கெனவே ஒரு ஸ்டாண்ட் நிக்குது. அதுல ஓடுற பெல்ட்டும் இருக்கு."

"வண்டி நல்ல வண்டிதான்" என்றாள் அவள். "ஓட்டுறவங்களுக்கு நல்லது."

"எங்கப்பா தினமும் ஓட்டினார்" என்றாள் மகள், கொஞ்சம் கசப்பாக. "ஏறிப் பாருங்க. அவர் ரொம்ப உயரம், சீட்டை இறக்கித்தான் ஆகணும்."

டீச்சர் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். கால் சுகமாகப் பெடலில் பதிந்தது. "எதுக்கு இறக்கணும்? எனக்குன்னு அளவெடுத்து வச்ச மாதிரில்ல இருக்கு!"

மகள் குனிந்து பார்த்தாள். மூன்றாவது துளை. மூன்று தடவை துடைத்தவள் கண்ணில் அது படவே இல்லை. அவள் கண்ணுக்கு அதுதானே சைக்கிளின் உயரம்.

"இதுல இருக்கிற உங்க பழைய விவரத்தையெல்லாம் அழிச்சுக் குடுத்துடுங்க" என்றார் டீச்சரின் கணவர். அப்பா போன பிறகு போனில் அந்த வட்டத்தை மகள் திறந்து பார்த்ததே இல்லை. இப்போது திரையைத் தொட்டாள். கடைசியாக ஓட்டியது மேலேயே நின்றது. தேதி, அப்பா போன தேதி. ஆறு நாற்பதிலிருந்து ஏழு ஐந்து வரை. எலக்ட்ரீஷியன் அவரைப் படிக்கட்டில் பார்த்தது ஏழு மணிக்கு. அந்த நேரத்தை மகளே பத்து தடவை அவரிடம் கேட்டு வாங்கியிருந்தாள்.

அவள் திரையை அணைத்தாள். "நாளைக்கு போன் பண்றேங்க" என்று வந்தவர்களிடம் சொன்னாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு படியிறங்கினார்கள்.

அறையில் இருவர்தான்.

"அன்னிக்கு யாரும்மா ஓட்டினது?"

"நான்தான்."

"அன்னிக்கு மட்டுமா?"

அவள் துணியை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். "அவர் ஓட்டினது மூணு நாள் பாப்பா."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நான் டாக்டர்கிட்ட போனை நீட்டினேன். பக்கத்து நாற்காலியில நீ உட்கார்ந்திருந்த."

"உட்கார்ந்திருந்தேன்."

"அது உன் இதயம்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்." அவர் பாதம் அழுத்தியதைச் சொல்லலாம் என்று நினைத்தாள். செத்தவர் மேல் பழியைப் போடுவதற்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக, யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னாள். "அன்னிக்கு மணி அடிச்சுது. நாலு நிமிஷம்தான் பாக்கி. வட்டம் சிவப்பா நின்னா நீ கவலைப்படுவேன்னு இறங்கல."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தாள். நின்றபடியே குதிகால் லேசாக எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை இன்னொரு காலால் மிதித்து நிறுத்தினாள்.

"காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல நீ. தட்டு போடவா, பாப்பா?"

மகள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில், எதன் மீதும் படாமல் உடம்பைக் குறுக்கி நுழைந்து, அறையை விட்டு வெளியே போனாள்.