டொக்டரின் கானாக் கதைகள்

இடியப்பத்திலிருந்து ஒற்றை நூலைப் பிரித்து, பல்லுக்குத்தும் குச்சியில் மெதுவாகச் சுற்றுகிறார் டொக்டர் வரதராஜா. "இப்பிடித்தான் காலுக்குள்ள இருந்து கினிப் புழுவை இழுக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு அங்குலம். அவசரப்பட்டியளோ, உள்ளுக்க அறுந்திடும்!" மெல்பேணின் வெரிபீயில் யார் வீட்டுப் பிறந்தநாள் என்றாலும் இந்தக் கூத்து உண்டு. பக்கத்துக் கதிரைக்காரர் தட்டை மெல்லக் கீழே வைத்துவிடுவார். பாவம், அதற்குப் பிறகு கேக்கும் இறங்காது.

எண்பதுகளில் வட கானாவில் ஆறு வருடம் ஆஸ்பத்திரி நடத்தியவர். பிறகு முப்பது வருடம் மெல்பேணில் இருமலுக்கும் இடுப்பு வலிக்கும் மருந்து எழுதி ஓய்வு பெற்றார். அந்த முப்பது வருடத்தைப் பற்றி ஒரு சொல் வராது. விதைப்பை வீங்கி, அதைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்த மனிதரின் கதையோ, பெண்கள் குசினிக்குள் போன பிறகுதான் தொடங்கும்; குசினிக்குக் கேட்கிற சத்தத்தில்.

எந்தக் கதையும் ஓரிடத்தில்தான் போய் நிற்கும். "இலை, சாணி எல்லாம் பூசிப்போட்டு, கால் அழுகினாப் பிறகுதான் என்னட்ட வருங்கள். எத்தினை நாளாப் புண் எண்டு கேட்டால்..." என்று நிறுத்தி, முகத்தைச் சோகமாக்கி, மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவார். "மூண்டு நாளாம்! மூண்டு மாசப் புண்! பிந்தி வந்தால் கால் போகும் எண்டால் கேக்குங்களோ? விளக்கமில்லாத சனம்." சபை விழுந்து விழுந்து சிரிக்கும்.

சந்திரவதனா சிரிப்பதில்லை. நாற்பது வருடமாகக் கேட்கிற மனைவிக்கு எங்கே சிரிப்பு வரும்? அதோடு, போன கிழமை உடுப்புத் தோய்க்கும்போது கணவரின் காலுறையில் மஞ்சள் கறையும் இரத்தமும் கண்டார். தைப்பொங்கலிலிருந்து மனிசன் ஏன் காலுறையோடு படுக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. இப்போது சித்திரையும் முடிந்துவிட்டது. இருபது வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு உள்ள மனிசனுக்குப் பெருவிரலின் கீழே ஒரு டொலர் காசுக் குற்றியளவு புண். அதற்கு அந்தப் பெரிய டொக்டர் பார்த்த வைத்தியம் மஞ்சள், வேப்பெண்ணெய், அலுமாரியில் கிடந்த திகதி முடிந்த மருந்துக் குளிசை.

"ஒரு டொக்டரிட்டக் காட்டுங்கோவன்."

"நானே டொக்டர். எனக்குப் படிப்பிக்கிறீரோ?"

"காலை எடுத்தால் ஆர் தள்ளிக்கொண்டு திரியிறது? எனக்கும் எழுபது வயசு. நாளைக்குப் பத்து மணிக்கு அப்பொயின்ட்மென்ட் எடுத்திட்டன்." கோபத்தில் தொடங்கிய குரல் அழுகையில் முடிந்தது.

கிளினிக்கில் இருந்தவர் டொக்டர் அபேனா, இளம் பெண். கானாவில் பிறந்து, அங்கேயே படித்தவர் என்று அறிந்ததும் வரதராஜாவுக்குக் கால்வலி பறந்தது. காலுறை கழற்ற முன்னமே தன் ஆறு வருடத்தையும் அவிழ்த்து விட்டார். ஆஸ்பத்திரி, மழைக்காலம், கினிப் புழு. அபேனா சிரித்துக் கேட்டுக்கொண்டே புண்ணின் கட்டைப் பிரித்தார். மஞ்சள் தூள் கட்டிலில் கொட்டியது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார், மணந்து பார்த்தார்.

"இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எத்தனை நாளாக இந்தப் புண்?"

சந்திரவதனா கையைக் கட்டிக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

வரதராஜா சுவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, மெல்ல மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார்.