அவள் போகாத ஆம்பூர்

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. இரண்டு தாள்களில் தேறவில்லை. மறுபடி எழுதித் தேறியும் மொத்த மதிப்பெண் ஐம்பது சதவீதத்தைத் தாண்டவே தடுமாறியது. விடுதியில் என் அறைத் தோழி குடியாத்தத்துக்காரி, வகுப்பில் முன்வரிசை மாணவி. காமாலையில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் சட்டென்று நம்ப முடியவில்லை.

நான்காம் ஆண்டு விடுமுறையில் ஆம்பூரில் ஒரு வக்கீலிடம் வேலை கற்கப் போனேன். தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறு கெட்டுப்போன விவசாயிகளுக்கு நஷ்டஈடு கேட்டு அவர் வழக்கு நடத்திவந்தார். வேலூரில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், அவரோடு வயல், கொல்லை என்று நடந்து, விவசாயிகள் சொல்வதை எழுதிக்கொள்வேன். ஒருநாள் ஒரு விவசாயி, தன் கிணற்று நீரில் துவைத்த வேட்டியை வக்கீலின் மேசைமேல் விரித்தார். டீ கொட்டியதுபோல் பழுத்திருந்தது.

"பொண்ணு கல்யாணத்துக்கு இத கட்டிக்கினு எப்பிடிம்மா நிக்கறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் துருவித் துருவிக் கேட்டாள். என் மேல் உள்ள அக்கறை என்றுதான் நினைத்தேன்.

இறுதியாண்டில் சென்னை சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தோம். எனக்குப் பல இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. சுற்றுச்சூழல் வழக்குகள் எடுக்கும் ஒரு நிறுவனம் மட்டும் மிச்சமிருந்தது.

"அங்க அறுபதுக்குக் கம்மின்னா கவரையே பிரிக்க மாட்டாங்களாம்டி. உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றாள் தோழி. நானும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போனபோது, நர்ஸாக இருந்த அம்மா கேட்டுவிட்டு, "வேணாம்னு அவங்க சொல்லட்டுமே. நீயே எதுக்குச் சொல்லிக்கற?" என்றாள். அன்றைக்கே விண்ணப்பத்தைத் தபாலில் போட்டேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

மூத்த வக்கீல் ஒருவர் என் மதிப்பெண்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆனால் ஆம்பூர் வழக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேட்டியைப் பற்றிச் சொன்னபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"போன வாரம் உங்க காலேஜ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்தாங்க. இதே வேட்டி, இதே விவசாயி. அவங்ககிட்டதான் கேட்டாருன்னு சொன்னாங்களே?"

எந்த ஊர்ப் பெண் என்று கேட்டேன். குடியாத்தம் என்றார்.

"சார், அங்க போனது நான் மட்டும்தான். ஆம்பூர் வக்கீலுக்கு ஒரு போன் பண்ணிக் கேளுங்க, ப்ளீஸ்."

"அவங்க கிட்டத்தட்ட காலேஜ் ஃபர்ஸ்ட்மா," என்றார் மெதுவாக. அடுத்தவள் வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை யாருக்கு என்பதை என் மதிப்பெண் பட்டியலே அவருக்குச் சொல்லிவிட்டது. யாருக்கும் போன் பண்ணாமல் என்னை அனுப்பிவைத்தார்.

விடுதியில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். மறுக்கவில்லை.

"நீதான் அப்ளை பண்ணலையே. உனக்கு எப்பிடியும் கெடைக்கப் போறதில்ல. சும்மாதான கெடந்துச்சு, நான் சொல்லிக்கினேன். இதுல இன்னா தப்பு?"

"அப்ளை பண்ணாதன்னு சொன்னதே நீதானடி?"

அவள் மடித்த துணியைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது.

நான் ஆம்பூர் வக்கீலிடமே ஜூனியராகச் சேர்ந்தேன். நடந்ததைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்து, அந்த நிறுவனத்திடம் தானே பேசுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். என் வார்த்தை போதாது என்று ஆன இடத்தில் போய் உட்கார எனக்கு மனம் இல்லை.

சில வருஷம் கழித்து வேலூர் கோர்ட்டில் அவளைப் பார்த்தேன். ஒரு தொழிற்சாலைக்காக வாதாட வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ நாளாச்சுடி! வா, டீ சாப்புடலாம்," என்றாள். அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேஸ் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன். என் கேஸ் மதியத்துக்குத்தான் இருந்தது.